கிம்ச்சிப் பெட்டிக்குள் ஒரு கலைப்படைப்பு

1.

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. சியோல் மாங்வோன் சந்தையில் தாமரைக் கிழங்கு வாங்கினால் ஒரு கைப்பிடி நெத்திலி வறுவல் கொசுறு. அந்த நெத்திலியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கடைக்காரம்மா சொன்னது இது. பெயர் தாக் யோங்சிம். தொடுகறிக் கடை வைத்திருக்கிறார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை எழுத்தாளரம்மா என்பார், மரியாதைக்கு இல்லை, கிண்டலுக்கு.

"எழுதிக்கோ. ஆனா என் பேரை மாத்திடு," என்றார்.

மாற்றினேன். மறுநாள் போய்ப் புதுப் பெயரைச் சொன்னேன்.

"ஐயய்யோ, இது எங்க பல் டாக்டர் பொண்டாட்டி பேராச்சே! சரியான சிடுமூஞ்சி. வேற வை."

வேறு வைத்தேன். அது பத்தாம்பசலியாம். இன்னொன்று வைத்தேன். அது சீக்காளி பெயர் மாதிரி இருக்கிறதாம். கடைசியில் அவருக்கே சலித்துவிட்டது. "என் பேரையே வச்சுத் தொலை. உன் பாஷையை யாரு படிக்கப் போறா?" என்றார். படிக்கிற நீங்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் வாய் அப்படி.

பெயர் முடிந்தது. இனித் தொடக்கம்.

"பனி தூவிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, கலை என்றால் என்னவென்றே அறியாத ஓர் எளிய பெண்—"

இதைக் கொரிய மொழியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "யாருடி எளிய பெண்? என் கடை வரிசை எங்க வரைக்கும் நிக்குதுன்னு பாத்தியா?" அந்த வரியை அடித்துவிட்டேன்.

"காலணியைக் கழற்றி வைக்கும் இடத்தில்தான் மனிதன் தன் அகந்தையையும்—"

இதை நானே அடித்துவிட்டேன். இப்படித் தொடங்குகிற கதையை நான் பேருந்து நிறுத்தத்தில்கூடப் படிக்க மாட்டேன்.

"தாக் யோங்சிம் கலைக்கூடத்தில் தூங்கிப்போனார்."

இது தேவலை. உண்மையும்கூட. ஆனால் அங்கே ஏன் போனார், ஏன் தூங்கினார் என்று நீங்கள் கேட்பீர்கள். சரி, கொஞ்சம் முன்னாலிருந்தே வருகிறேன்.

2.

அக்காவின் கணவர் காலமாகி வெகுநாளாகிறது. ஒரே மகள் செரிம். கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுகிற பெண் ("நான் என்ன முள்ளங்கியா, சீசன்ல வித்துத் தள்ள?"), போன இலையுதிர்காலத்தில் ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். பையன் தங்கம். மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டுவிட்டு, சட்டியையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனான். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பையனுடைய அம்மா என்ன செய்கிறார் என்று கேட்கும்வரை.

பையனுடைய அம்மா சொனு மியோங்ஜு. சிற்பி. சிற்பி என்றால் உளி, சுத்தியல் எல்லாம் இல்லை. ஒரு கூடம் நிறைய உப்பைக் கொட்டிவைத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்து, அதைப் பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போடுகிற வகை.

"உப்பா? கிம்ச்சிக்கு நான் கொட்டாத உப்பா? என்னை எவன் படம் எடுத்தான்?"

விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் உள்ளே உதறல் எடுத்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் இரண்டு வீட்டாரும் முதன்முதலாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு இந்த ஊரில் லேசுப்பட்டதில்லை. எல்லோரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெல்லுகிற சத்தம்கூட வராது. சூப் வரும்போது பேச்சு இடறி, மீன் வருவதற்குள் முறிந்துபோன சம்பந்தங்கள் உண்டு.

"அவங்க கலையைப் பத்திப் பேசுவாங்க. நான் வாயை மூடிக்கிட்டிருந்தா இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைப்பாங்க. தொறந்தா, தெரியாதுங்கறது ஊர்ஜிதம் ஆயிடும். செரிம் தலை குனிஞ்சிடக் கூடாது, எழுத்தாளரம்மா. நாளைக்கு அந்த வீட்டுல வாழப் போறவ அவ."

ஆகவே அக்கா கலை கற்கக் கிளம்பினார்.

கடைக்கு விடுமுறை திங்கட்கிழமை. ஊரில் பாதி அருங்காட்சியகங்களுக்கும் அன்றைக்குத்தான் விடுமுறை. முதல் மாதம் முழுக்க அக்கா பார்த்ததெல்லாம் பூட்டிய கதவுகள். "கதவெல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்காங்க," என்றார் என்னிடம், ரசிகராகவே மாறி. பிறகு புதன்கிழமை மதியமே கடையைச் சாத்தத் தொடங்கினார்.

பெரிய அருங்காட்சியகத்தில் நிலா மாதிரி உருண்ட வெள்ளைச் சாடி ஒன்று, இருட்டறையில் தனி விளக்கின் கீழ் நிற்கும். ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். அக்கா அதைச் சுற்றி வந்தார். "மூணு முட்டைக்கோஸ் தாராளமா அடங்கும். ஆனா வாய் சின்னது, கை உள்ள போகாது," என்றார். மூச்சை அடக்கியிருந்த ஒருவர் அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

செரிம் தலையில் அடித்துக்கொண்டு பாடம் எடுத்தாள்.

"அம்மா, ஒண்ணும் சொல்லாதே. படத்துக்கு முன்னாடி நில்லு. தலையை ஒரு பக்கமாச் சாய். 'ம்ம்ம்'னு இழு. அவ்வளவுதான் கலை."

அக்கா இதைச் சந்தையிலேயே பழகிப் பார்த்தார். மீன் கடையில் வாளை மீனுக்கு எதிரே நின்று, தலையைச் சாய்த்து, "ம்ம்ம்," என்றார். மீன்காரர் பயந்துபோய் அந்த மீனை எடுத்துவிட்டு உள்ளேயிருந்து வேறு கொண்டுவந்து வைத்தார்.

(இந்த மீன் விஷயம் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். தேவையில்லை. எடுக்க மனசு வரவில்லை.)

3.

கடைசியாகச் சம்பந்தியம்மாவின் கண்காட்சி. சாம்ச்சொங் மேட்டில் ஒரு தனியார் கலைக்கூடம், பெயர் வேண்டாம். அக்கா யாருக்கும் சொல்லாமல் போனார். "முன்னாடியே பாத்து வச்சுட்டா, சாப்பாட்டுல 'அடடா, உங்க அந்த ரெண்டாவது படைப்பு!'ன்னு எடுத்து விடலாம்ல?"

அந்த இரண்டாவது படைப்பு இதுதான். கூடத்தின் நடுவில் ஒரு சின்ன அறை கட்டியிருந்தார்கள். எண்ணெய்க் காகிதம் ஒட்டிய மஞ்சள் தரை, அடியில் இந்த ஊர் வீடுகளில் இருப்பது போலவே கதகதவென்று சூடு. உள்ளே ஒன்றுமே இல்லை. வெளியே படிக்கல்லில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. படைப்பின் பெயர் 'உள்ளே இருக்கிறார்'. ஷூ வெளியே இருக்கிறது, ஆனால் ஆள் உள்ளே இல்லை. நீங்கள் வெளியே நின்று அந்த வெறுமையைப் பார்த்து நெஞ்சு கனக்க வேண்டும். ஏற்பாடு அப்படி.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை இந்த நாட்டில் வைத்தால் எப்படி? படிக்கல்லில் ஷூவும் உள்ளே சூடான தரையும் கண்ணில் பட்டால் இங்கே யாருக்கும் காலிலிருந்து ஷூ தானாகக் கழன்றுகொள்ளும். குறுக்கே கயிறு கட்டலாமா என்று கேட்டதற்கு, கயிறு கட்டினால் படைப்பு செத்துவிடும் என்று சொனு மியோங்ஜு சொல்லிவிட்டாராம்.

அக்கா விடியுமுன் எழுந்து கிம்ச்சிக்காக முட்டைக்கோஸுக்கு உப்புப் போட்டவர். வெளியே பனி. ஷூவைக் கழற்றி அந்த ஷூவுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போய், சும்மா ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். பிறகு சும்மா ஒரு நிமிஷம் சாய்ந்தார். குறட்டை அடுத்த கூடம் வரை கேட்டதாக அங்கே வேலை பார்க்கும் பெண் பின்னால் சொன்னாள்.

விழித்தபோது வெளியே சிறு கூட்டம். இரண்டு கல்லூரிப் பெண்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "ம்ம்ம்," என்றுகொண்டிருந்தார்கள்.

"அம்மா... அம்மா, எழுந்திருங்க. இது படைப்புங்க," என்றாள் அந்தக் கலைக்கூடப் பெண், அழாக்குறையாக.

"எதும்மா?"

"நீங்க படுத்திருக்கறது."

அக்கா எழுந்தார், குனிந்து நான்கு பக்கமும் மன்னிப்புக் கேட்டார், படிக்கல்லில் இருந்த ஷூவில் காலை நுழைத்தார், ஓட்டமாக மேட்டிலிருந்து இறங்கிப் பேருந்தைப் பிடித்தார். படிக்கல்லில் இருந்தது இரண்டு ஜோடி. இரண்டும் கறுப்பு, இரண்டும் மெத்தென்ற அடி, பிள்ளைகள் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கிற அதே ரகம். ஊரில் பாதி அம்மாக்கள் காலில் இருப்பது அதுதான். அதனால்தான் சொனு மியோங்ஜுவும் அதையே தேர்ந்தெடுத்திருந்தார்.

[ஓரக்குறிப்பு: நம் ஊர்க் கல்யாண மண்டப வாசலில் செருப்புக்கு என்ன நேரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல செருப்போடு போனவர் அதோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே அக்காவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். நானும் சிரித்தேன்.]

4.

பேருந்தில்தான் மூக்குக்கு உறைத்தது. வாசனை வரவில்லை.

கிம்ச்சி போடுகிற காலத்தில் நெத்திலிச் சாறு டின் ஒன்று கவிழ்ந்து அக்காவின் ஷூ அதில் ஊறிப்போயிருந்தது. எத்தனை கழுவியும் போகாத வாசனை. இந்த ஷூவிலோ புது ரப்பர் வாசனைதான். காலில் மாட்டியிருப்பது கலைப்படைப்பு!

உடனே இரண்டையும் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாக்ஸோடு பனியில் நடந்து வீடு வந்து சேர்ந்தார். எங்கே வைப்பது? கலைப்பொருளை ஒரே சீரான குளிரிலும் ஈரத்திலும் வைக்க வேண்டும் என்று ஏதோ அருங்காட்சியகத்தில் காதில் விழுந்திருந்தது. அப்படி ஓர் இடம் அக்காவின் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிற குளிர்பெட்டி. முள்ளங்கிக் கிம்ச்சி டப்பாவுக்கு அடியில் வைத்து மூடினார்.

(இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்திருக்கலாமே? இதை எழுதினால் வாசகர் நம்புவாரா? நேரே கடைக்குப் போய்க் கேட்டுவிட்டேன்.)

"போகலைன்னு யார் சொன்னது? போனேனே!" அக்கா கரண்டியை ஆட்டினார். கறுப்பு பீன்ஸ் இரண்டு என் கோட்டில் விழுந்தது. "பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். போனா, வாசல்லேர்ந்து வரிசை! ஒவ்வொருத்தரா படிக்கல்லு கிட்ட குனியறாங்க. மோந்து பாக்கறாங்க!"

"எதை?"

"என் ஷூவைத்தான்டி! ஒரு பையன் மோந்துட்டு அழறான். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைக்கறான். 'அம்மா வாசனை'ங்கறான்!"

நான் நம்பவில்லை. ஆனால் பத்திரிகையிலும் வந்திருந்தது. இந்த முறை கலைஞர் கண்ணை விட்டுவிட்டு மூக்கு வழியாக உள்ளே நுழைகிறார் என்று ஒரு விமரிசகர் முக்கால் பக்கத்துக்கு உருகியிருந்தார். யாரோ பெண்மணி தூங்கி எழுந்துபோன பிறகு கலைக்கூடப் பெண் மிச்சமிருந்த ஜோடியைப் பழைய இடத்தில் நேராக அடுக்கி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான் நடந்தது. அக்கா பையை மூடிக்கொண்டு, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து தன் ஷூவைத் தானே மோந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

"எப்படி இருந்துச்சு அக்கா?"

"பிரமாதம்!"

அதோடு நின்றிருந்தால் கதை இல்லை. அடுத்த வாரம் சொனு மியோங்ஜுவின் பேட்டி வந்தது. அந்த வாசனையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அவர் சொன்ன பதில்: "யோசித்துச் செய்ததுதான். என் அம்மாவின் நினைவாக."

அக்கா இதைக் கடையிலேயே சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், எதிர்க்கடை எண்ணெய்க்காரர் எட்டிப் பார்த்தார். "அவங்க அம்மா பெரிய அதிகாரி பொண்டாட்டியாம்டி! நெத்திலி டின்னைப் படத்துலயாவது பாத்திருப்பாங்களா? பொய்யி! பச்சைப் பொய்யி! சம்பந்தியம்மா புளுகறாங்க!" அன்று எனக்குக் கொசுறு இரட்டிப்பாக வந்தது. இத்தனை மாதம் வயிற்றில் கிடந்த பயம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. அந்த இடத்துக்கு வேறொன்று வந்து உட்கார்ந்தது, அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

5.

செரிம் முள்ளங்கிக் கிம்ச்சி எடுக்கப் போனாள்.

"அம்மா."

"என்னடி?"

"முள்ளங்கிக்கு அடியில ஏன் ஷூ இருக்கு?"

சொல்ல வேண்டியதாயிற்று. செரிம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேட்டியையும் வாசித்துக் காட்டியபோது முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அக்காவுக்கே தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல நீ ஷூன்னு ஒரு வார்த்தை சொன்னே, அத்தோட கல்யாணம் முடிஞ்சுது. அவங்க ஊருக்கெல்லாம் சொன்னது பொய்னு அவங்க புருஷன், புள்ள முன்னாடியே சொல்லுவியா? அந்த முகத்தோட அவங்க எப்படிம்மா என்னை மருமகளா ஏத்துப்பாங்க?"

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இதை என்னிடம் சொல்லும்போது அக்கா தட்டில் கீரையை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரே கீரையை மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தார். "ஆனா எழுத்தாளரம்மா, அது என் ஷூ," என்றார், மெதுவாக.

6.

சனிக்கிழமை அக்கா என்னை மிரட்டினார். "கதையை முடிச்சுடு. எப்படி முடியுதுன்னு பாத்துக்கிட்டு நாளைக்கு நடந்துக்கறேன்."

எழுத்தாளரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. புல்லரித்துவிட்டது. ராவோடு ராவாக மூன்று முடிவு எழுதிக்கொண்டு போனேன்.

முதல் முடிவில் அக்கா சத்தமில்லாமல் ஷூவை மாற்றி வைத்துவிடுகிறார். மறுநாள் மோந்து பார்க்க வந்தவர்கள் ரப்பர் வாசனையில் குழம்பி நிற்கிறார்கள். கல்யாணம் நடக்கிறது. "அப்போ என் ஷூ மோசமா?" என்று கேட்டு அக்கா அதைத் தள்ளிவிட்டார்.

இரண்டாவதில் சூப் வரும்போது அக்கா எழுந்து நின்று எல்லாவற்றையும் உடைக்கிறார், சபை அதிர்கிறது, சொனு மியோங்ஜு—

"வேண்டாம். செரிம் அழுவா."

மூன்றாவது எனக்குப் பிடித்தது. அதில் சொனு மியோங்ஜுவுக்கும் இந்தச் சாப்பாட்டை நினைத்தால் உதறல். சம்பந்தியம்மாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், யாருக்கும் சொல்லாமல் மாங்வோன் சந்தைக்கு வந்து, ஆளோடு ஆளாக நின்று கடையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே தன் படைப்பில் திடீரென்று வந்த வாசனை யாருடையது என்று அவருக்கு முதல் நாளே தெரியும்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தி வந்தா. ஒவ்வொரு தட்டா மோந்து பாத்துட்டு, ஒண்ணும் வாங்காம போனா..." கொஞ்சம் யோசித்தார். "சேச்சே. அது சுகாதாரத் துறை."

7.

ஞாயிறு மதியம் தொலைபேசி அடித்தது.

"எழுத்தாளரம்மா, ஓட்டல் கழிப்பறைக்குள்ள இருக்கேன்." கிசுகிசுப்பு.

"என்னக்கா ஆச்சு?"

"அந்த ஷூவைக் கொண்டுவந்தேன்டி. சாப்பாடு முடிஞ்சதும் அப்படியே மேட்டுக்குப் போய் வச்சுட்டு வந்துடலாம்னு. பட்டுத் துணியில கட்டியிருந்தேன். பின்ன, கலைப்படைப்பைப் பழந்துணியிலயா கட்டறது? மாப்பிள்ளையோட அப்பா பாத்துட்டாரு. 'ஐயோ சம்பந்தியம்மா, நமக்குள்ள பரிசெல்லாம் எதுக்கு?'ன்னு தூக்கி மேசை நடுவுல வச்சுட்டாரு!"

"ஐயையோ."

"பெட்டியில இருந்ததுல கிம்ச்சி வாசனை வேற ஏறிப்போச்சு. 'வீட்டுக் கிம்ச்சியா! ஆகா!'ன்னு கையைத் தேய்க்கறாரு. செரிம் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. சம்பந்தியம்மா மட்டும் மூட்டையையே பாத்துக்கிட்டிருக்காங்க. சீக்கிரம் சொல்லு, உன் கதையில அடுத்தது என்ன?"

என் கையில் மூன்று முடிவும் இருந்தன. மூன்றிலும் பட்டுத் துணி மூட்டை இல்லை. இதை நான் யோசிக்கவே இல்லை.

"உங்களுக்கு என்னக்கா வேணும்?" என்றேன்.

தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கல்யாணம் நடக்கணும். அது என் ஷூன்னு அவங்களுக்குத் தெரியவும் தெரியணும். ரெண்டும் வேணும். ஒண்ணை விட்டுக்கொடுன்னு மட்டும் சொல்லாதே." பிறகு குழாய் நின்றது. "அத்தனை பேரு குனிஞ்சாங்கடி. நான் நடந்த ஷூவுக்கு."

கதவு திறக்கும் ஓசை. இன்னொரு குரல், தாழ்ந்த, நிதானமான குரல். அதற்கு முன் நான் கேட்டறியாதது.

"சம்பந்தியம்மா, முடிச்சு இறுக்கமா இருக்கு. நீங்களே வந்து அவிழ்த்துடறீங்களா?"

அக்கா தொலைபேசியை அணைக்கவில்லை. அவசரத்தில் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார். நான் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். நடக்கிற சத்தம். தள்ளுகதவு நகர்கிற சத்தம். யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். பட்டுத் துணி சரசரக்கிறது.

பிறகு ஒன்றுமே இல்லை.

பிறகு ஒரு சிரிப்பு. நாசூக்கான சிரிப்பில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, நிறுத்தப் பார்த்து, நிறுத்த முடியாமல் மேசையைத் தட்டிக்கொண்டு வருகிற சிரிப்பு. அக்காவின் சிரிப்பு எனக்குத் தெரியும், இது அதில்லை. செரிமுடையதும் இல்லை. ஒரு பெண்ணுடைய சிரிப்பு என்று மட்டும் சொல்லலாம். ஆனால் பரிமாற வந்தவளும் பெண்தானே? ஒருவேளை... அத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது.

இன்று திங்கட்கிழமை, அக்காவின் கடைக்கு விடுமுறை. செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. நாளை கேட்டால் சொல்வார், ஆனால் அதற்குள் நான் இதை அனுப்பியாக வேண்டும். எனவே சிரித்தது யார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்கா கேட்ட இரண்டில் ஒன்றைக் குறைத்துவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

நான் எதற்கும் இருக்கட்டும் என்று பட்டுப்புடவையை எடுத்து வெளியே காற்றாடப் போட்டிருக்கிறேன்.